கண்காம்புச் சுரப்பியும் பழவேற்காட்டு இறால் தொழிலும்

பழவேற்காட்டின் வரலாற்றை எழுதியவர்கள் 1613இல் டச்சுக்காரர்கள் எழுப்பிய கெல்திரியா கோட்டையில் தொடங்கி, அங்கிருந்து கப்பலேறிய சோழமண்டலத் துணிகளைப் பேசி, 1690இல் டச்சுத் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறியதையும் 1825இல் ஊர் ஆங்கிலேயர் வசம் நிலையாகச் சேர்ந்ததையும் சொல்லி முடிப்பது வழக்கம். கோட்டை இடிந்து, செதுக்கு வேலைப்பாடு மிக்க கல்லறைகள் மட்டும் எஞ்சிய பிறகும் ஏரிக்கரைக் குப்பங்களின் பிழைப்பு நின்றுவிடவில்லை. அதை நடத்திவந்தவை வெள்ளை இறாலும் மடவை மீனும் சேற்று நண்டுமே. இவை எந்த மாதத்தில் ஏரிக்குள் வரும், எவ்வளவு காலம் தங்கும், எப்போது கடலுக்குத் திரும்பும் என்ற கணக்கின் மீதுதான் அக்குப்பங்களின் வலைகளும் முறைகளும் பங்கீடுகளும் அமைந்தன. அந்தக் கணக்கை உயிரின் உடலுக்குள் இருந்து நடத்துபவை சுரப்பிகள். ஆகவே இவ்வூர்த் தொழிலின் வரலாற்றில் ஒரு பாதி சுரப்பிகளின் வரலாறாகவும் இருக்கிறது.

உடலில் இருவகைச் சுரப்பிகள் உண்டு. உமிழ்நீர், வியர்வை முதலியவற்றைக் குழாய் வழியே வெளியேற்றுபவை ஒரு வகை. குழாய் எதுவுமின்றித் தம் சுரப்பை நேரே இரத்தத்தில் கலப்பவை மற்றொரு வகை. பின்னவற்றை நாளமில்லாச் சுரப்பிகள் என்றும், அவை சுரக்கும் வேதிப்பொருள்களை ஹார்மோன்கள் என்றும் வழங்குகிறோம். மனித உடலில் கழுத்தின் தைராய்டும், சிறுநீரகங்களின் மேல் அமர்ந்த அட்ரினலும், மூளையின் அடியில் பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரியும் இவ்வகையைச் சேர்ந்தவை. 1902இல் லண்டனில் பேய்லிஸும் ஸ்டார்லிங்கும் சிறுகுடற் சுவரில் உருவாகும் செக்ரிட்டின் என்னும் பொருள், நரம்பின் துணையின்றி இரத்தத்தின் வழியாகவே கணையத்தைத் தூண்டுகிறது என்று காட்டினர்; இத்தகைய பொருள்களுக்கு ஹார்மோன் என்னும் பெயரை 1905இல் ஸ்டார்லிங் பயன்படுத்தினார். தூண்டும் பொருளாக முதலில் அறியப்பட்டதாலோ என்னவோ, ஹார்மோன் என்றால் முடுக்கிவிடுவது என்ற எண்ணமே இன்றும் பரவலாக உள்ளது. உண்மையில் ஹார்மோன்களின் ஆட்சியில் பெரும்பங்கு தடுத்து நிறுத்துவதாகும். பழவேற்காட்டு இறால் இதற்கு மிகத் தெளிவான சான்று.

பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகும். அதன் பெரும்பகுதி ஆந்திரத்திலும், தென்கோடி தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்திலும் அமைந்துள்ளன. ஸ்ரீஹரிகோட்டாத் தீவு ஏரியை வங்கக் கடலிலிருந்து பிரிக்கிறது. தெற்கில் ஆரணியாறும் வடமேற்கில் காளங்கியாறும் நன்னீரைக் கொண்டுவருகின்றன. பக்கிங்காம் கால்வாய் ஏரியின் ஊடாகச் செல்கிறது. ஏரியின் பெரும்பரப்பில் ஆழம் ஓர் ஆள் உயரம்கூட இல்லை. வாடைக் காற்றோடு வரும் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரிநீர் ஏறக்குறைய நன்னீராகிவிடுகிறது; கோடையில் முகத்துவாரம் மணலால் அடைபட்டால், வெயிலில் நீர் வற்றி, கடல்நீரைவிட உப்பு மிகுந்ததாக மாறுகிறது. இவ்வளவு பெரிய ஏற்றத்தாழ்வைத் தாங்கும் உடல் எல்லா உயிருக்கும் வாய்ப்பதில்லை. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. மனித இரத்தத்தின் உப்புத்தன்மையோ லிட்டருக்கு 9 கிராம் உப்பைக் கரைத்த நீருக்கு ஒப்பானது. மடவையின் இரத்தமும் கடலைவிட உப்புக் குறைந்ததே. ஆகவே கடலில் அதன் உடல் நீரை இழக்கிறது, நன்னீரில் உப்பை இழக்கிறது. நன்னீரில் உப்பைப் பிடித்துவைக்கும் வேலையைப் பல மீன்களில் புரோலாக்டின் என்னும் பிட்யூட்டரி ஹார்மோன் செய்கிறது. கடல்நீரில் செவுள் வழியே மிகுதி உப்பை வெளியேற்ற, அட்ரினலுக்கு இணையான திசு சுரக்கும் கார்ட்டிசால் உதவுகிறது. பிட்யூட்டரி நீக்கப்பட்டால் நன்னீரில் இறந்துவிடும் ஒரு சிறுமீன், புரோலாக்டின் செலுத்தினால் பிழைத்துக்கொள்ளும் என்பதைக் கிரேஸ் பிக்ஃபோர்டு 1959இல் நிறுவினார். அதே புரோலாக்டின்தான் மனிதத் தாயின் மார்பில் பால் சுரக்கச் செய்கிறது. அதே கார்ட்டிசால்தான் மனிதரில் விடியற்காலையில் உச்சத்தை எட்டி உடலை நாளின் வேலைக்கு ஆயத்தப்படுத்துகிறது. ஹார்மோன்கள் மிகப் பழையவை. உயிரினங்கள் கிளைத்துப் பிரிந்தபோது அவற்றின் வேலைகள் மாறினவே தவிர, அவை கைவிடப்படவில்லை.

இறாலின் வாழ்வு கடலில் தொடங்குகிறது. தாய் இறால் கடலில் இடும் முட்டைகள் ஒரே நாளுக்குள் பொரிந்து, இளவுயிரிகள் பல முறை உருமாறி, இரண்டு மூன்று வாரங்களில் கண்ணாடி இழை போன்ற குஞ்சுகளாகி, ஓதத்தோடு முகத்துவாரம் கடந்து ஏரிக்குள் நுழைகின்றன. கடற்புல்லும் சேறும் நிறைந்த அந்த ஆழமற்ற நீரில் சில மாதங்கள் மேய்ந்து வேகமாக வளர்கின்றன. ஆனால் எவ்வளவு வளர்ந்தாலும் ஏரிக்குள் அவற்றின் சினைப்பை முதிர்வதில்லை. ஓரளவு பெருத்தவுடன் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய வலிய வற்றத்தில் அவை கூட்டமாகக் கடலை நோக்கி நகர்கின்றன. முழு முதிர்ச்சியும் முட்டையிடுதலும் கடலிலேயே நிகழ்கின்றன.

இந்தக் காத்திருப்பை நடத்தும் உறுப்பு இறாலின் கண்ணைத் தாங்கும் காம்பில் உள்ளது. ஒவ்வொரு கண்காம்பிலும் எக்ஸ் உறுப்பு எனப்படும் நரம்பணுக் கூட்டம் ஒன்று உண்டு. அந்த அணுக்கள் ஹார்மோன்களை உருவாக்கித் தம் நீண்ட இழைகளின் வழியே அனுப்ப, அவ்விழைகளின் நுனிகள் திரண்ட சைனஸ் சுரப்பியில் அவை சேர்ந்திருந்து, வேண்டியபோது இரத்தத்தில் கலக்கின்றன. அவற்றுள் ஒன்று சினைப்பை முதிர்வதைத் தடுக்கிறது. மற்றொன்று ஓடு கழற்றுவதைத் தடுக்கிறது. வேறொன்று இரத்தச் சர்க்கரையை உயர்த்துகிறது. தலைப்பகுதியில் உள்ள ஒய் உறுப்பு சுரக்கும் எக்டைசோன் என்னும் ஹார்மோன் ஓடு கழற்றலைத் தொடங்கிவைப்பதாயினும், கண்காம்பின் தடை தளரும்வரை அது மிகாது. சேற்று நண்டுக்கும் இதே ஏற்பாடுதான். தடை தளர்ந்து பழைய ஓட்டைக் கழற்றிய நண்டு நீரை உறிஞ்சி உடலைப் பெருக்கிக்கொள்வதால், சில நாட்களுக்கு அதன் ஓட்டுக்குள் சதையைவிட நீரே மிகுதியாக இருக்கும். சிங்கப்பூருக்கு உயிரோடு அனுப்பும் நண்டைப் பொறுக்கும் வியாபாரி, வயிற்றோட்டையும் காலின் அடிப்பகுதியையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, அமுங்கினால் விலையைக் குறைத்துவிடுவார். அந்த அழுத்தலில் அவர் அளப்பது, எக்டைசோன் தன் வேலையை முடித்து எத்தனை நாளாயிற்று என்பதையே.

மனிதரில் இறாலின் கண்காம்புக்கு நேர் இணையாக நிற்பது ஹைப்போதலாமஸ். மூளையின் அடிப்பகுதியான இதன் நரம்பணுக்கள் வாசோபிரெசின், ஆக்சிடோசின் என்னும் ஹார்மோன்களை உண்டாக்கி, இழைகளின் வழியே பிட்யூட்டரியின் பின்மடலுக்கு அனுப்புகின்றன. அவை அங்கே சேர்ந்திருந்து இரத்தத்தில் விடப்படுகின்றன. நரம்பணுவே சுரப்பியாகவும் செயற்படலாம் என்ற கருத்தை எர்ன்ஸ்ட் ஷாரர் 1928இல் ஒரு மீனின் மூளையைப் பார்த்தே முன்வைத்தார். அறிவுலகம் அதை ஏற்கப் பல ஆண்டுகள் பிடித்தன. காத்திருப்பும் மனிதருக்குப் பொதுவானதே. பிறந்த சில மாதங்களில் குழந்தையின் பாலுறுப்புகளைத் தூண்டும் ஹார்மோன் அச்சு சற்றே விழித்துப் பின் அடங்கிவிடுகிறது. அதை மூளை பல ஆண்டுகள் அடக்கிவைத்து, உடல் வளர்ந்து ஆயத்தமான பின்னரே விடுவிக்கிறது. பூப்பு என்பது அந்த அடக்கம் விலகுவது. தாய்மை நிலையில் அல்லாத காலத்தில் புரோலாக்டின் பெருகாமல் இருப்பதும், டோபமைன் என்னும் பொருள் பிட்யூட்டரியை ஓயாமல் தடுத்துக்கொண்டிருப்பதால்தான்.

இறால் எப்போது முகத்துவாரத்தை நோக்கி நகரும் என்பதைப் பழவேற்காட்டு மீனவர்கள் சுரப்பிகளின் பெயர் எதையும் அறியாமலே அறிந்திருந்தனர். அறிந்ததோடு நில்லாமல் அதன்மேல் ஒரு சமூக ஒழுங்கையும் கட்டியிருந்தனர். அதுவே பாடு முறை. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுக்குப்பம் ஆகிய மூன்று ஊர்களின் பட்டினவர் சமூகத்தார் முகத்துவாரத்தை ஒட்டி, பாடு எனப்படும் இறால் பிடிக்கும் இடங்களில் சுத்து வலை போடும் உரிமையைத் தலைக்கட்டு என்னும் உறுப்பினர் முறையில் வைத்திருந்தனர். திருமணமான ஆண் ஒரு தலைக்கட்டாகச் சேர்த்துக்கொள்ளப்படுவான். எந்தக் குழு எந்த இடத்தில் எந்த நாளில் வலை போடுவது என்பது சீட்டுப் போட்டும் சுழற்சி முறையிலும் முடிவாகும். கடலுக்குத் திரும்பும் இறால் ஒரு குறுகிய வழியாகத்தான் போயாக வேண்டும் என்பதால், அந்த வழியில் நிற்பவனுக்கே முழு வருவாயும் சேர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வது இம்முறையின் நோக்கம். இதைக் குறித்து செபாஸ்டியன் மேத்யூ எழுதிய ஆய்வை ஐக்கிய நாடுகள் உணவு, வேளாண்மை அமைப்பு 1991இல் வெளியிட்டது. பாடு முறையைக் குறையற்றதென்று புகழ்வதற்கில்லை. சாதியும் ஆண்பாலும் அதன் வாயிற்காவலாக இருந்தன. தலைக்கட்டில் இடம்பெறாதோர் ஏரியின் மற்றப் பகுதிகளோடு நிற்க வேண்டியிருந்தது.

அப்படி நின்றவர்களில் கையால் இறால் பிடிக்கும் இருளர் பெண்களும் ஏனைய ஏழைப் பெண்களும் முக்கியமானவர்கள். பனையோலையில் முடைந்த பறி என்னும் கூடையின் விளிம்பைப் பல்லால் கவ்விக்கொண்டு, இடுப்பளவு நீரில் குந்தியும் தவழ்ந்தும் நகர்ந்து, இரு கைகளாலும் சேற்றைத் தடவி, விரலில் தட்டுப்படும் இறாலைச் சட்டென்று பற்றிப் பறிக்குள் போடுவார்கள். தலை மட்டும் நீருக்கு மேலே தெரிய மணிக்கணக்கில் இவ்வேலை தொடரும். இந்நிலையில் அவர்கள் உடலுக்குள் ஹார்மோன்கள் என்ன செய்கின்றன என்பதை மருத்துவ அறிவியல் நன்கு அறிந்திருக்கிறது. நீரின் அழுத்தம் கால்களிலும் வயிற்றிலும் உள்ள இரத்தத்தை மார்புக்குத் தள்ள, இதயத்தின் மேலறைகள் விரிகின்றன. உடலில் நீர் மிகுந்துவிட்டது என்று அதை எடுத்துக்கொள்ளும் இதயச் சுவர், தானே ஒரு சுரப்பியாகி, உப்பையும் நீரையும் வெளியேற்றச் சொல்லும் ஹார்மோன் ஒன்றை விடுகிறது. இதயத்திற்கு இத்தகைய வேலை உண்டென்பதைக் கனடாவில் அடால்ஃபோ டி போல்டு 1981இல் கண்டறிந்தார். அதே வேளையில், நீரைச் சேமிக்கும் வாசோபிரெசினும், அட்ரினல் சுரந்து உப்பைச் சேமிக்கும் ஆல்டோஸ்டிரோனும் குறைகின்றன. விளைவாகச் சிறுநீர் பெருகி உடலின் நீர் குறைகிறது. கரையேறியபின் வெயிலில் வியர்வையும் சேரும்போது வாசோபிரெசின் மீண்டும் உயர்ந்து தாகம் வாட்டுகிறது. நாள் முழுதும் நீருக்குள் இருப்பவர்க்குக் குடிநீர் மற்றவர்களைவிட மிகுதியாகத் தேவைப்படுவது இதனால்தான். இறால் குவித்து ஏலமிடும் கரையில் நல்ல குடிநீரும் கழிப்பிடமும் அப்பெண்களுக்கென இருக்க வேண்டியது சலுகை அன்று, உடலியல் தேவை.

கண்காம்பின் இரகசியம் தொழிலுக்குள் நுழைந்த கதை வேறு நாடுகளில் தொடங்குகிறது. 1930களில் சுவீடன் நாட்டு விலங்கியலாளர் பெர்ட்டில் ஹான்ஸ்ட்ரம் ஓட்டுடலிகளின் கண்காம்பில் உள்ள சுரப்பியமைப்பை விரிவாக விளக்கினார். 1943இல் பிரெஞ்சு அறிஞர் பனூஸ், இறாலின் கண்காம்பை நீக்கினால் சினைப்பை காலத்துக்கு முன்னரே பெருக்கிறது என்று அறிவித்தார். ஏறத்தாழ முப்பதாண்டுகள் இது ஆய்வகச் செய்தியாகவே இருந்தது. இடையில் இந்தியா, சுரப்பிகளைத் தொழிலுக்குப் பயன்படுத்துவதில் மற்றொரு வழியைக் கண்டது. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் ஹிராலால் சௌத்ரி, இறந்த கெண்டை மீன்களின் பிட்யூட்டரியை அரைத்து எடுத்த சாற்றை ஊசியில் செலுத்தி, குளத்தில் முட்டையிடாத கெண்டை வகைகளை முட்டையிடச் செய்தார். அந்நாளே தேசிய மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. பாலுறுப்புகளைத் தூண்டுமாறு பிட்யூட்டரிக்குக் கட்டளையிடும் ஹைப்போதலாமஸ் ஹார்மோனின் அமைப்பு 1971இல் வெளிப்பட்டது. ஷாலிக்கும் கில்லமினுக்கும் 1977இல் நோபல் பரிசு கிடைத்ததற்கு இத்தகைய ஆய்வுகளே காரணம். அந்த ஹார்மோனின் செயற்கை வடிவங்கள் மனிதரில் குழந்தைப்பேற்றுச் சிகிச்சைக்கும் காலத்துக்கு முந்திய பூப்பைத் தள்ளிவைப்பதற்கும் பயன்படுகின்றன. அதே குடும்பத்துப் பொருளைக் கொண்டுதான் சென்னையின் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997இல் முட்டுக்காட்டில் கொடுவா மீனைக் குஞ்சு பொரிக்க வைத்தது. மீனுக்கு வேண்டியது தூண்டல். இறாலுக்கு வேண்டியதோ தடை நீக்கம். ஆகவே அங்கே ஊசிக்கு மாறாக இடுக்கி வந்தது.

1970களின் பிற்பகுதியில், கேரளத்தின் நாரக்கல்லில் இயங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வகம், கண்காம்பு நீக்கும் முறையால் இந்திய இறால்களை முதிரச் செய்தது. குஞ்சு பொரிப்பகங்களில் இன்று அது அன்றாட வேலை. ஓடு கழற்றி முடித்து, அடுத்த ஓடு கழற்றலுக்கு இன்னும் நாளிருக்கும் பெண் இறாலைத் தேர்ந்து, நீருக்குள்ளேயே ஒரு கையால் பிடித்து, ஒரு கண்காம்பை மட்டும் சூடேற்றிய இடுக்கியால் நசுக்குவார்கள், அல்லது நூலால் இறுக்கிக் கட்டுவார்கள். ஓடு கழற்றும் வேளை நெருங்கிய இறாலில் இதைச் செய்தால், சினை முதிர்வதற்கு மாறாக ஓடுதான் கழலும். ஏனெனில் நீங்கிய தடை ஒன்றன்று, பல. இரண்டு காம்புகளையும் நீக்கினால் சர்க்கரை, நீர், உப்பு ஆகிய எல்லாக் கட்டுப்பாடும் குலைந்து இறால் மாண்டுவிடும். ஒரு காம்பை இழந்தது சில நாட்களிலேயே முதிர்ந்து, ஓர் இரவில் இலட்சக்கணக்கான முட்டைகளை இடும்; பிறகு அடுத்தடுத்து இடும். ஆனால் அடுத்தடுத்த ஈடுகளில் முட்டையின் தரம் குறைவதும், தாயின் உடல் விரைவில் நலிவதும் தொழிலில் உள்ளவர்கள் அனைவரும் அறிந்தவை. அந்த உயிர் காத்திருந்தது வீணுக்கன்று. முட்டைக்குரிய கொழுப்பையும் புரதத்தையும் சேமிக்கவே காத்திருந்தது.

இம்முறை கைவந்தவுடன் தொழிலின் மையம் ஏரியிலிருந்து விலகியது. குளத்தில் வளர்க்க வேண்டிய குஞ்சுகளுக்காக முகத்துவாரத்தை நம்பியிருந்த காலம் போய், 1980களின் இறுதியில் விசாகப்பட்டினத்திலும் ஒடிசாவின் கோபால்பூரிலும் அரசு ஆதரவில் பெரிய பொரிப்பகங்கள் எழுந்தன. டைகர் இறால் வளர்ப்பு கடற்கரை எங்கும் பரவியது. 1990களின் நடுவில் வெண்புள்ளி நோய் குளங்களை அழித்தது. குளங்களின் கழிவுநீரும் நிலத்தின் உவர்ப்பும் கடலோர மக்களை நீதிமன்றம்வரை கொண்டுசென்றன. 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, சிலிகா, பழவேற்காடு ஏரிகளிலிருந்து 1000 மீட்டருக்குள் பாரம்பரிய முறையும் மேம்படுத்தப்பட்ட பாரம்பரிய முறையும் தவிர வேறு இறால் பண்ணை அமைக்கலாகாது என்று பெயர் சுட்டியே கூறியது. 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கெனத் தனி ஆணையம் சட்டத்தால் உருவானது. 2009 முதல் பசிபிக் கரையைச் சேர்ந்த வன்னமெய் இறால் அனுமதிக்கப்பட்டு, வெளிநாட்டிலிருந்து வரும் தாய் இறால்கள் சென்னை நீலாங்கரையில் தனிமைப்படுத்திச் சோதிக்கப்படுகின்றன. இந்தியா இன்று ஏற்றுமதி செய்யும் இறாலில் பெரும்பகுதி இந்த வன்னமெய்தான். அது ஏரியையும் கண்டதில்லை, முகத்துவாரத்தையும் கண்டதில்லை.

பழவேற்காட்டின் வெள்ளை இறாலுக்கு அத்தகைய விடுதலை இல்லை. அதன் கண்காம்பு இன்னும் பழைய முறைப்படியே தடுத்துக்கொண்டும் தளர்த்திக்கொண்டும் இருக்கிறது. ஆனால் அது போய்ச்சேர வேண்டிய வழி குறுகிவிட்டது. ஆற்றில் நீர்வரத்துக் குறைந்ததாலும், கரையோர மணல் நகர்வாலும் முகத்துவாரம் அடிக்கடி தூர்ந்து போகிறது. அது மூடிய ஆண்டில் குஞ்சுகள் உள்ளே வர முடியாது. உள்ளே வளர்ந்தவை வெளியே சென்று முதிர முடியாது. மீனவர்களே ஒன்றுகூடி மணலை வெட்டி வழிவிடுவது இங்கே பழைய வழக்கம். அண்மை ஆண்டுகளில் முகத்துவாரத்தை நிலைப்படுத்தத் தடுப்புச் சுவர்கள் கட்டும் பணியை அரசு மேற்கொண்டிருக்கிறது. அச்சுவர்கள் கடற்கரையின் மற்றக் குப்பங்களை அரிப்புக்கு உள்ளாக்காமல் கண்காணிப்பதும், தூர்வாரும் காலத்தைக் குஞ்சுகள் வரும் பருவத்தோடு பொருத்துவதும், அந்தப் பருவத்தை நன்கறிந்த மீனவர்களை அம்முடிவுகளில் சேர்த்துக்கொள்வதும் இனி செய்ய வேண்டியவை. பொரிப்பகத்தில் ஓர் இடுக்கி செய்வதை ஏரியில் எந்தத் தொழில்நுட்பமும் செய்துவிட முடியாது. அங்கே முகத்துவாரம் திறந்திருந்தால்தான் இறால் உண்டு.